உலகக் கோப்பை ஃபைனல் பேக்கேஜா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

எங்கள் ஏரியா கால்பந்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு விளம்பரம் சுற்றுகிறது. "2026 உலகக் கோப்பை ஃபைனல். டிக்கெட் உறுதி, விசா உறுதி, தங்குமிடத்தோடு ஒரே பேக்கேஜ்." ஏறக்குறைய இதே வார்த்தைகளை நம்பித்தான் 2022இல் நானும் மாமாவும் கத்தார் போனோம். மைதானத்துக்குள் கால் வைக்காமல் திரும்பி வந்தோம்.

மாமா வியாசர்பாடிக்காரர். 1986இல் மரடோனா கோப்பையைத் தூக்கியதைப் பக்கத்து வீட்டு டிவியில் பார்த்த நாளிலிருந்து அர்ஜென்டினாதான் அவருக்கு எல்லாம். "மெஸ்ஸிய ஒரு தடவ நேர்ல பாத்துடணும் மாப்ள, இதுதான் கடைசி சான்ஸ்" என்றார். அர்ஜென்டினா ஃபைனல் வரும் என்று அக்டோபரிலேயே அடித்துச் சொன்னார். அவர் சொன்னது நடந்தது.

நண்பர் ஒருவர் கைகாட்டிய டிராவல்ஸ்காரரிடம் போனோம். தலைக்கு இரண்டு லட்சத்து அறுபதாயிரம். அதில் டிக்கெட்டுக்கு மட்டும் ஒரு லட்சத்து நாற்பதாயிரம். ஃபைனலின் மூன்றாம் வகை டிக்கெட்டுக்கு, உலகக் கோப்பையை நடத்தும் ஃபிஃபா வைத்திருந்த விலை 2,200 ரியால், அன்றைய கணக்கில் ஐம்பதாயிரம் ரூபாய். கிடைப்பது கஷ்டம், அதனால் விலை கூடியிருக்கும் என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். அவர் கொடுத்த ரசீதில் "தோஹா டூர் பேக்கேஜ் - 2 நபர்" என்று மட்டும் இருந்தது. டிக்கெட் என்ற சொல்லே இல்லை. அன்று அது எங்கள் கண்ணில் படவில்லை.

நாங்கள் ஏமாந்த இடம் ஹய்யா கார்டு. கத்தாருக்குள் நுழைய, மெட்ரோவில் இலவசமாகப் போக, டிக்கெட்டோடு சேர்த்து மைதானத்துக்குள் போக, எல்லாவற்றுக்கும் அதுதான். முதலில் டிக்கெட் எண் இருந்தால்தான் அது கிடைக்கும் என்றிருந்தது. நவம்பர் கடைசியில் எங்கள் இருவருக்கும் கார்டு வந்துவிட்டது. "பாத்தீங்களா பிரதர், டிக்கெட் இல்லாம இது வருமா?" என்றார் டிராவல்ஸ்காரர். நியாயமாகத்தானே இருக்கிறது என்று நினைத்தோம். ஆனால் அந்த மாதத் தொடக்கத்திலேயே விதி மாறிவிட்டது. டிசம்பர் 2 முதல் டிக்கெட் இல்லாதவர்களும் கத்தாருக்குள் வரலாம், அதற்குத் தங்குமிட முன்பதிவைக் காட்டி, 500 ரியால் கட்டி முன்கூட்டியே ஹய்யா வாங்கலாம் என்று. எங்களுக்கு அவர் எடுத்துக்கொடுத்தது அந்த வழியில்தான். இது ஊருக்குத் திரும்பிய பிறகுதான் புரிந்தது.

டிசம்பர் 16 இரவு வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினார். பிளாக், வரிசை, இருக்கை எண், கீழே கியூஆர் கோடு. பெயர் வரவேண்டிய இடத்துக்கு மேலே படம் வெட்டப்பட்டிருந்தது. "இத காட்டினா போதும், உள்ள விட்ருவாங்க" என்று ஒரு வாய்ஸ் மெசேஜும் வந்தது.

18ஆம் தேதி மதியம் மூன்று மணிக்கே ஃபைனல் மைதானம் இருக்கும் லுசைல் ஸ்டேஷனில் இறங்கிவிட்டோம். ஆட்டம் ஆறு மணிக்கு. பத்தாம் எண் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு மாமா எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். முதல் சோதனை வரிசையில் மலையாளிப் பெண் ஒருவர் தன்னார்வலராக நின்றார். என் போனைப் பார்த்ததும், "ஆப் திறங்க சேட்டா" என்றார். ஆப்பைத் திறந்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. ஸ்க்ரீன்ஷாட்டையும் அச்செடுத்த தாளையும் ஏற்க மாட்டார்கள், டிக்கெட் நம் பெயரில் ஃபிஃபா ஆப்பில் இருந்தால்தான் செல்லும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். அவருக்கே முகம் வாடிவிட்டது. டிராவல்ஸ்காரருக்குப் பதினேழு முறை போன் போட்டேன். எடுக்கவில்லை. மாமா என் கையைப் பிடித்து, "விடு மாப்ள, வா" என்றார்.

நஜ்மாவில் நாங்கள் தங்கிய அறைக்குக் கீழே இருந்த ஹோட்டல் டிவியில்தான் ஆட்டம் பார்த்தோம். மூன்றுக்கு மூன்று, அப்புறம் பெனால்டியில் நாலுக்கு இரண்டு. அர்ஜென்டினாவின் மோன்டியேல் கடைசிப் பெனால்டியைப் போட்டதும் கடையே எழுந்து ஆடியது. மாமா உட்கார்ந்தபடியே அழுதார். ஜெயித்ததற்காகவா, இருபது கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து பார்த்ததற்காகவா என்று நான் கேட்கவில்லை.

வக்கீல் நோட்டீஸ் போன பிறகு டிராவல்ஸ்காரர் தலைக்கு முப்பதாயிரம் திருப்பித் தந்தார். மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நடக்கிறது. பேக்கேஜில் டிக்கெட்டே பேசவில்லை என்று அவர் தரப்பில் சொல்கிறார்கள். அந்த வாய்ஸ் மெசேஜை அழிக்காமல் வைத்திருந்ததுதான் இப்போது எங்கள் பலம். உங்களுக்கு இப்படி நடந்தால் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுத்துவிடுங்கள். ஆன்லைனில் பணம் அனுப்பி ஏமாந்தால் அன்றைக்கே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் பண்ணுங்கள். தாமதித்தால் பணத்தை முடக்குவது கஷ்டம்.

2026 ஃபைனல் ஜூலை 19 அன்று நியூ ஜெர்சியில். இந்த முறையும் டிக்கெட் போனில்தான். ஃபிஃபா தளத்தில் உங்கள் மின்னஞ்சலில் நீங்களே கணக்கு தொடங்குங்கள். டிக்கெட் அந்தக் கணக்குக்குள் வந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், வேறு எந்தப் படத்தையும் நம்பாதீர்கள். மறுவிற்பனைக்கும் ஃபிஃபாவே தளம் வைத்திருக்கிறது. அப்புறம் அந்த "விசா உறுதி". டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு நேர்காணல் தேதி சீக்கிரம் கிடைக்க அமெரிக்கா ஏற்பாடு செய்திருக்கிறது, அவ்வளவுதான். விசா கொடுப்பதும் மறுப்பதும் தூதரக அதிகாரி கையில். எந்த ஏஜென்ட்டாலும் அதை உறுதி செய்ய முடியாது.

விளம்பரம் போட்டவரிடம் நேற்று குழுவிலேயே கேட்டேன்: டிக்கெட் என் ஃபிஃபா கணக்குக்கு வந்த பிறகு பணம் தரலாமா? பார்த்துவிட்டார். இன்னும் பதில் இல்லை.