மளிகை ஹோல்சேலுக்கு இடிஐ சர்வீஸ் எடுக்கலாமா? நாங்க எடுத்துப் பாத்ததுல என் ரிவ்யூ

இடிஐன்னா (எலக்ட்ரானிக் டேட்டா இன்டர்சேஞ்ச்) ஆர்டர், இன்வாய்ஸ் எல்லாம் ரெண்டு கம்பெனியோட கம்ப்யூட்டருங்களுக்கு நடுவுல நேரா போய் வர்றது. முதல்லயே மார்க் போட்டுடுறேன். அத செட்டப் பண்ணிக் குடுக்கற சர்வீஸ் கம்பெனிக்கு அஞ்சுக்கு ரெண்டரை, அவங்க விக்கிற ஸ்டாண்டர்டுக்கு அஞ்சுக்கு நாலரை. இது ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறதாலதான் நம்ம ஆளுங்கள்ல பாதி பேரு "இடிஐ எல்லாம் பெரிய கம்பெனிக்குத்தான் லா, நமக்கு எதுக்கு"ன்னு ஒதுங்கிடுறாங்க, மீதி பாதி பேரு சேல்ஸ்மேன் பேச்ச நம்பி இருக்கறதுலயே பெரிய பேக்கேஜா எடுத்துட்டு மாசாமாசம் பில்லப் பாத்து புலம்புறாங்க.

நாங்க சிங்கப்பூர்ல பாண்டான் லூப் பக்கம் ஸ்டோர் வச்சு அரிசி, பருப்பு, மசாலா, அப்பளம்னு இந்தியாலேர்ந்து இறக்கி தேக்கா (லிட்டில் இந்தியா) கடைங்களுக்கும் சூப்பர்மார்க்கெட்டுக்கும் போடுறோம். நான் அங்க ஆர்டர், பில்லிங், டிஓ (டெலிவரி ஆர்டர்) பாக்குற ஆளு. தேக்கா கடைக்காரங்க வாட்ஸ்அப்ல "தம்பி, உளுந்து பத்து மூட்ட, போன தடவ மாதிரியே"ன்னு வாய்ஸ் மெசேஜ் போட்டா வேல முடிஞ்சுது. சூப்பர்மார்க்கெட்ல அது நடக்காது, ஆர்டர் இடிஐல தான் வரும், இன்வாய்ஸும் அதுலயே தான் வரணும்னு சொல்லிட்டாங்க, அதுக்காகத்தான் இந்த சர்வீஸ எடுத்தோம். கம்பெனி பேரு போட மாட்டேன், கேக்காதீங்க.

இடிஐன்னா பிடிஎஃப் பில்ல ஈமெயில்ல அனுப்புறது இல்ல. அவங்க சிஸ்டத்துலேர்ந்து நம்ம சிஸ்டத்துக்கு நேரா வரணும், நடுவுல யாரும் திரும்ப டைப் அடிக்கக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். அதுக்கு ஐநா மூலமா வந்த ஃபார்மேட் தான் எடிஃபேக்ட், 1987ல ஐஎஸ்ஓ 9735ன்னு ஸ்டாண்டர்ட் ஆச்சு, இன்னிக்கும் ஓடிக்கிட்டு இருக்கு. ஆர்டருக்கு ஒரு மெசேஜ், சரக்கு கிளம்பிடுச்சுன்னு சொல்ல ஒண்ணு, இன்வாய்ஸுக்கு ஒண்ணு. சிங்கப்பூருக்கு இதெல்லாம் புதுசும் இல்ல, கஸ்டம்ஸ் பர்மிட்டுக்கு டிரேட்நெட் 1989லயே வந்துடுச்சு. எங்க பெரிய முதலாளி இன்னும் ஃபேக்ஸ் மெஷின தூக்கிப் போட விடலன்னா அதுக்கு சிங்கப்பூர் பொறுப்பில்ல.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஜிஎஸ்1 நம்பர் சிஸ்டம், அதாவது உலகம் பூரா பார்கோடு நம்பர் குடுக்கற அமைப்போட சிஸ்டம். பாக்கெட்ல இருக்கற பார்கோடு 13 இலக்கம், 890ல ஆரம்பிச்சா இந்தியால வாங்குன நம்பர், 888னா சிங்கப்பூர், 955னா மலேசியா. நிறைய பேரு இத சரக்கு எந்த ஊர்ல செஞ்சதுன்னு நினைக்கிறாங்க, அப்படி இல்ல, எந்த நாட்டு ஜிஎஸ்1 ஆபீஸ் நம்பர் குடுத்துச்சுன்னு மட்டும்தான் அது சொல்லும். பாக்கெட்டுக்கு ஒரு நம்பர், அதே பாக்கெட்டுங்க அடுக்குன கார்ட்டனுக்கு 14 இலக்கத்துல வேற நம்பர், கார்ட்டன அடுக்குற பலகைக்கு, அதாவது பாலெட்டுக்கு, 18 இலக்கத்துல தனி நம்பர். இந்த பாலெட் லேபிள் ஒண்ணுக்கே காசு குடுக்கலாம்பேன். லோரி கிளம்புறப்பவே எந்த பாலெட்ல என்ன இருக்கு, எந்த பேட்ச், எப்ப எக்ஸ்பயரின்னு மெசேஜ் முன்னாடியே போயிடும், ரிசீவிங் பேல அவங்க ஒரு தடவ ஸ்கேன் பண்ணா சரி. முன்னெல்லாம் டிரைவர் டிஓவ கையில வச்சுக்கிட்டு, ஒவ்வொரு கார்ட்டனா அவங்க எண்ணி முடிக்கற வரைக்கும் வெயில்ல நிக்கணும்.

ஆனா இந்த நம்பருக்கு விதி இருக்கு, ஊர்ல பேக் பண்றவங்க பாதி பேரு அத மதிக்கறதே இல்ல. நெட் எடை மாறினா புது நம்பர் போட்டே ஆகணும். எங்களுக்கு வந்த ஒரு மசாலா பாக்கெட் சத்தமில்லாம 200 கிராம்லேர்ந்து 180 ஆயிடுச்சு, பார்கோடு மட்டும் அதே பழைய பார்கோடு. இதுல எந்த சாஃப்ட்வேரும் எதுவும் செய்ய முடியாது, நம்பர் அதேதான்னா சிஸ்டத்துக்கு சரக்கும் அதேதான்.

இப்ப சர்வீஸ் கம்பெனி கதைக்கு வரேன். தீபாவளிக்கு முன்னாடி முறுக்கு மாவுக்கு ஒரு ஆர்டர். மெசேஜ்ல அளவு வரியில மூணு துண்டு இருக்கும்: 21, அப்புறம் 240, அப்புறம் பிசிஇ. 21ன்னா ஆர்டர் பண்ண அளவு, 240 எண்ணிக்கை, பிசிஇன்னா பீஸ். எங்க கார்ட்டன்ல 24 பாக்கெட், ஆக மொத்தம் 10 கார்ட்டன் போனா போதும். இவங்க செஞ்ச மேப்பிங்ல, அதாவது மெசேஜ்ல வர்ற ஒவ்வொரு துண்டும் எங்க சிஸ்டத்துல எங்க போகணும்னு எழுதுறதுல, அந்த மூணாவது துண்ட அப்படியே விட்டுட்டாங்க, எங்க சிஸ்டம் அரிசி மாவு எல்லாத்துக்கும் கார்ட்டன் கணக்கு, அதனால பிக்கிங் லிஸ்ட்ல 240 கார்ட்டன்னு வந்து நின்னுச்சு. ஸ்டோர்ல இருக்கற அண்ணன் பேப்பரப் பாத்துட்டு "ஏன் தம்பி, மொத்த ஸ்டாக்கே இவ்வளவு இல்லயே"ன்னு கேட்டாரு, அதனால தப்பிச்சோம். சப்போர்ட்டுக்கு அடிச்சா "மெசேஜ் வேலிட் தான் சார், எரர் எதுவும் காட்டல"ன்னு டிக்கெட் நம்பர் குடுத்துட்டு வச்சுட்டாங்க. எரர் காட்டாதுய்யா, அதான் பிரச்சனையே! ஃபார்மேட் சரியா இருக்கறதும் சரக்கு சரியா போறதும் வேற வேற, இத செக் பண்றதுக்குத்தான் உங்களுக்கு செட்டப் ஃபீஸ் குடுத்தோம்.

அடுத்த புகார் விலை. பழைய நெட்வொர்க்குங்கள்ல கிலோ கேரக்டர் கணக்குல சார்ஜ் பண்ற வழக்கம் உண்டு, அதாவது ஆயிரம் எழுத்துக்கு இவ்வளவுன்னு. இவங்களும் அப்படித்தான். பார்கோடு நம்பர் போனாலே சரக்கு எதுன்னு தெரிஞ்சுடும், ஆனா இவங்க டெம்ப்ளேட்டுல "பிரீமியம் குவாலிட்டி பொன்னி புழுங்கல் அரிசி 5 கிலோ பேக்"னு ஒவ்வொரு வரியிலயும் முழு நீளத்துக்கு விவரம் போகுது. யாரு காசு அது? சொல்லிச் சொல்லி இப்பத்தான் எடுத்தாங்க.

அவங்க வெப் போர்ட்டல் பத்தி சுருக்கமா: வேண்டாம். ஆர்டர ஸ்கிரீன்ல பாத்து நம்ம சாஃப்ட்வேர்ல திரும்ப டைப் அடிக்கணும்னா அது இடிஐயே இல்ல, காசு குடுத்து வாங்குன ஈமெயில்.

மத்த கஸ்டமருங்களுக்கு, அதாவது கேட்டரிங், கேன்டீன் ஆளுங்களுக்கு, நாங்க சிங்கப்பூரோட இ-இன்வாய்ஸ் நெட்வொர்க்கான இன்வாய்ஸ்நவ்ல அனுப்புறோம், அதுல எனக்கு குறையே இல்ல. ஐரோப்பால பிறந்த பெப்போல்ங்கற இ-இன்வாய்ஸ் ஸ்டாண்டர்ட் தான் அடியில இருக்கறது, ஐரோப்பாவுக்கு வெளிய முதல்ல அத தேசிய அளவுல எடுத்தது நம்ம ஐஎம்டிஏ (இன்ஃபோகாம் மீடியா ஆணையம்), 2018ல. 2019 ஜனவரில நெட்வொர்க் ஓட ஆரம்பிச்சுது. நம்ம யூஇஎன், அதாவது கம்பெனி ரெஜிஸ்டர் நம்பர் தான் அட்ரஸ், ஒரு தடவ கனெக்ட் ஆனா அதுல இருக்கற எல்லாருக்கும் அனுப்பலாம், ஒவ்வொரு கஸ்டமருக்கும் தனி செட்டப் கிடையாது. நடுவுல இருக்கற சர்வீஸ் கம்பெனிங்க ஒருத்தர்கிட்ட ஒருத்தர் காசு வாங்கவும் கூடாது. வரி ஆபீஸ் ஐராஸும் இதுலயே இறங்கிட்டாங்க, 2026 ஏப்ரல் 1லேர்ந்து தானா முன்வந்து புதுசா ஜிஎஸ்டி ரெஜிஸ்டர் பண்றவங்க இன்வாய்ஸ் டேட்டாவ இது வழியா அனுப்பணும், அதனால புதுசா கம்பெனி திறக்கிறவங்க இத இப்பவே பாத்து வச்சுக்கறது நல்லது. ஆனா முறுக்கு மாவு மாதிரி தலைவலி இங்கயும் வரலாம், சொல்லிடுறேன். பெப்போல்ல பீஸுக்கு எச்87, கார்ட்டனுக்கு எக்ஸ்சிடின்னு கோடு வேற. உங்க அக்கவுண்டிங் சாஃப்ட்வேர் எல்லாத்தையும் ஒரே கோடுல அனுப்புதான்னு பாருங்க, சிலது அப்படித்தான் பண்ணும்.

ஆக யாரு எடுக்கலாம்னா, சூப்பர்மார்க்கெட் கேட்டா எடுத்துத்தான் ஆகணும், வேற வழி இல்ல. கேக்கலன்னா இன்வாய்ஸ்நவ் மட்டும் போதும். எடுக்கறதா இருந்தா சேல்ஸ்மேன் காட்டுற சாம்பிள் ஃபைலப் பாத்து தலையாட்டாதீங்க, அதுல எல்லாமே அழகாத்தான் ஓடும். உங்க ஸ்டோர்லயே இருக்கற வில்லங்கமான சரக்கு ஒண்ண எடுத்துக் குடுங்க, பீஸாவும் கார்ட்டனாவும் விக்கிறது, எடை மாறினது, இந்த மாதிரி. அதுல ஒரு ஆர்டர், ஒரு டெலிவரி மெசேஜ், ஒரு இன்வாய்ஸ் முழுசா ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. மேப்பிங் ஷீட் நமக்குத்தான் சொந்தம், வெளிய போறப்ப கையில குடுக்கணும்னு காண்ட்ராக்ட்ல எழுதி வாங்கிடுங்க. எங்களோடதுல அது இல்ல, அதனாலதான் இந்த ரெண்டரை மார்க் கம்பெனியோட இன்னும் ஓட்டிக்கிட்டு இருக்கோம்.