டர்போ பூஸ்ட் சிக்கல்: 99 சதவீதமா, வேக வரம்பா, த்ராட்டில்ஸ்டாப்பா, தெர்மல் பேஸ்டா?

லேப்டாப் சூடாகிறது என்றால் பவர் பிளானில் 99 சதவீதம் வைக்கச் சொல்வார்கள். டர்போ (தேவைப்படும்போது சிப் அடிப்படை வேகத்துக்கு மேல் தானே ஏறுவது) வரவில்லை என்றால், சிப்பின் வேகத் தடைகளைக் கையாளும் த்ராட்டில்ஸ்டாப் மென்பொருளைப் போடச் சொல்வார்கள். இரண்டுமே நல்ல மருந்துகள்தான், நோய் எது என்று தெரிந்திருந்தால். இன்டெல் கோர் ஐ7-8550யூ சிப்பை வைத்துப் பார்ப்போம். இதன் அடிப்படை வேகம் 1.8 கிகாஹெர்ட்ஸ், டர்போ உச்சம் 4.0, நீடித்த மின்வரம்பு 15 வாட், வெப்ப எல்லை 100 டிகிரி. மெல்லிய லேப்டாப்களில் ஏராளமாக வந்த சிப் இது.

முதலில் ஒரு சோதனை. 7-ஜிப் மென்பொருளில் உள்ள பெஞ்ச்மார்க்கை (சிப்புக்கு முழு வேலை கொடுக்கும் சோதனை) இரண்டு நிமிடம் ஓட விடுங்கள். பக்கத்தில் எச்டபிள்யூஇன்ஃபோ என்ற அளவீட்டு மென்பொருளைத் திறந்து வேகம், வெப்பம், வாட் மூன்றையும் கவனியுங்கள். நான்கு விதமாக நடக்கலாம்.

வேகம் 1.8-ஐத் தாண்டவே இல்லை, வெப்பமும் குறைவு என்றால் டர்போ எங்கோ அணைக்கப்பட்டிருக்கிறது. தொடக்கத்தில் 3.7 வரை போய், அரை நிமிடத்துக்குள் 2.5 போல இறங்கி, வெப்பம் 75 டிகிரியில் நின்றால் அது பழுதே இல்லை. குறுகிய நேர மின்வரம்பு முடிந்து 15 வாட் வரம்பு பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். (கோர்கள், அதாவது சிப்புக்குள் உள்ள செயல் அலகுகள், எல்லாம் ஒன்றாக உழைக்கும்போது 4.0 வராது. ஒன்றிரண்டு கோர்களுக்குத்தான் அந்த உச்சம். டர்போ பழுது என்று தேடி வருபவர்களில் பலருக்கு விடை இதிலேயே இருக்கிறது.) சில நொடிகளில் 95-ஐத் தாண்டி வேகம் ஏறி இறங்கினால் குளிரூட்டல் பிரச்சினை. சும்மா இருக்கும்போதே வேகம் 0.8-லோ 0.4-லோ ஒட்டிக்கொண்டு, சிப்பும் குளிர்ந்திருந்தால், வெளியிலிருந்து யாரோ பிரேக் பிடிக்கிறார்கள்.

99 சதவீதமும் வேக வரம்பும்

கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு செட்டிங்ஸ், பிராசஸர் பவர் மேனேஜ்மென்ட், மேக்சிமம் பிராசஸர் ஸ்டேட். இங்கே 100-ஐ 99 ஆக்கினால் டர்போ முழுதாக அணையும். விண்டோஸின் கணக்கில் டர்போ 100-க்கு மேல் உள்ள பகுதி; 99 என்றதும் அந்தக் கதவே மூடிக்கொள்ளும். ஒரு சதவீதம்தானே என்று நினைத்துச் செய்பவர், கிடைக்கக்கூடிய வேகத்தில் பாதிக்கு மேல் விட்டுக்கொடுக்கிறார். 4.0 போக வேண்டிய சிப் 1.8-ஐ ஒட்டி நின்றுவிடும். இணையப் பக்கம் திறப்பதிலேயே மந்தம் தெரியும். ஒரு நிமிடச் சோதனைக்கு இது அருமையான வழி: 99 வைத்ததும் சூடு அடங்கினால், சூட்டுக்குக் காரணம் டர்போதான் என்று உறுதியாகிவிடும். தினசரி வாழ்க்கைக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். டர்போ அணைந்தே கிடக்கும் கணினியிலும் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். எப்போதோ ஒரு கோடையில் வைத்த 99 அப்படியே மறந்துபோயிருக்கும். பேட்டரிக்கும் சார்ஜருக்கும் தனித்தனி எண் உண்டு, இரண்டையும் பாருங்கள்.

இதற்கு நல்ல மாற்று, அதே பட்டியலில் மறைந்திருக்கும் மேக்சிமம் பிராசஸர் ஃப்ரீக்வென்சி. விண்டோஸின் உள் அமைப்புகளைத் திருத்தும் ரிஜிஸ்ட்ரி எடிட்டரில் லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல், பவர், பவர் செட்டிங்ஸ் வரை போய், 54533251 என்று தொடங்கும் கோப்புறைக்குள் 75பி0 என்று தொடங்குவதைத் திறங்கள் (பி என்பது ஆங்கில எழுத்து). 00 என்று முடிவதை எடுங்கள். அதில் அட்ரிபியூட்ஸ் மதிப்பை 2 ஆக்கினால் வரி வெளியே தெரியும். இதே இடத்தில் பிஇ337238 என்று தொடங்குவதைத் திறந்தால் டர்போ எவ்வளவு தீவிரமாக இயங்க வேண்டும் என்று சொல்லும் பூஸ்ட் மோடும் கிடைக்கும். ஆனால் வேகத்தைச் சிப்பே தீர்மானிக்கும் ஸ்பீட் ஷிஃப்ட் வசதி உள்ள சிப்புகளில் அதன் நடுத்தர நிலைகளுக்குள் வேறுபாடு பெரிதாகத் தெரிவதில்லை.

வேக வரம்பில் மெகாஹெர்ட்ஸில் எண் கொடுக்க வேண்டும். 0 என்றால் வரம்பில்லை. 3000 கொடுத்துத் தொடங்குங்கள். டர்போ இருக்கும், ஆனால் கடைசி ஆயிரம் மெகாஹெர்ட்ஸுக்கு மட்டும் தடை. மின்செலவு வேகத்தோடு நேராகவும், மின்னழுத்தத்தின் இருமடிப் பெருக்கத்தோடும் கூடுகிறது. உச்சிக்கு அருகே மின்னழுத்தம்தான் செங்குத்தாக ஏறும். அதனால் வேகத்தில் கொஞ்சம் இழந்தால் சூட்டில் நிறைய மிச்சமாகும். இன்னும் ஃபேன் இரைச்சல் இருந்தால் 200 குறைத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் 200 கூட்டுங்கள். மென்பொருள் வழிகளுக்குள் என் தேர்வு இதுவே.

த்ராட்டில்ஸ்டாப் எங்கே வெல்கிறது

நோயறிவதில் இதற்கு ஈடு இல்லை. இதில் உள்ள லிமிட்ஸ் சாளரம், வேகத்தை எது தடுக்கிறது என்று பெயர் சொல்லிக் காட்டும். சிவப்பில் தெரிவது இப்போது தடுப்பது, மஞ்சள் முன்பு தடுத்தது. பிஎல்1 ஒளிர்ந்தால் நீடித்த மின்வரம்பு, தெர்மல் ஒளிர்ந்தால் சூடு. பிடி ப்ரோச்சாட் ஒளிர்ந்தால், சிப்புக்கு வெளியே உள்ள ஏதோ ஒரு பாகம் அபாயக் கொடி காட்டுகிறது. அந்த 0.8 கிகாஹெர்ட்ஸ் நோய்க்கு வழக்கமான காரணம் இதுதான்.

உடனே த்ராட்டில்ஸ்டாப்பில் பிடி ப்ரோச்சாட் பெட்டியில் உள்ள டிக்கை எடுத்துவிடச் சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டுங்கள். வேகம் திரும்பினால் சார்ஜரை லேப்டாப் அடையாளம் காணவில்லை என்று பொருள். சார்ஜர் முனையில் உள்ள மெல்லிய தரவுக் கம்பி அறுந்திருக்கலாம், அல்லது வாட் குறைந்த சார்ஜராக இருக்கலாம். சரியான சார்ஜர் மாற்றினால் போதும். பேட்டரியிலும் அப்படியே இருந்தால், மதர்போர்டின் மின்பகுதி உண்மையிலேயே கொதிக்கிறதா என்று பார்த்த பிறகே டிக்கை எடுக்கலாம். டிக்கை எடுத்தாலும் சிப் தன்னைத்தானே 100 டிகிரியில் காத்துக்கொள்ளும். மின்பகுதிக்கு அந்தக் காவல் போய்விடும்.

மின்னழுத்தத்தைக் குறைப்பது இதன் இன்னொரு பலம். எஃப்ஐவிஆர் என்ற மின்னழுத்தச் சாளரத்தில் கோருக்கும் கேஷுக்கும் (சிப்பின் உள் நினைவகம்) ஒரே அளவாக 50 மில்லிவோல்ட் குறைத்து, பத்துப் பத்தாக இறங்கலாம். வேகம் குறையாமலே சூடு குறையும். அளவு மீறினால் நீலத்திரை வரும். அப்போது த்ராட்டில்ஸ்டாப்பின் அமைப்புக் கோப்பை அழித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். ஆனால் 2019 டிசம்பரில், மின்னழுத்தத்தை மாற்றிச் சிப்பைத் தாக்கும் ப்ளண்டர்வோல்ட் பாதுகாப்புக் குறை வெளியான பிறகு வந்த பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட்கள் பல லேப்டாப்களில் இந்த வசதியைப் பூட்டிவிட்டன. லாக்டு என்று காட்டினால் அதோடு போராட வேண்டாம், வேக வரம்புக்குத் திரும்புங்கள். இந்த மென்பொருள் இன்டெலுக்கு மட்டுமே. ஏஎம்டி சிப்புகளில் ஓடாது.

திறந்து துடைப்பது

95 டிகிரியைத் தாண்டும் லேப்டாப்பில் மேலே சொன்னவை எல்லாம் வலியை மறைப்பவைதான். அறை வெப்பம் 25-லிருந்து 35 ஆனால் சிப்பின் வெப்பமும் கிட்டத்தட்ட அதே 10 டிகிரி ஏறும். தூசியும் சேர்ந்தால் இடமே மிச்சமில்லை.

பின்மூடியைத் திறந்ததும் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். ஃபேன் இறகை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். சுழல விட்டால் பேரிங் கெடும். ஃபேனுக்கும் ஹீட்சிங்க் (சிப்பின் சூட்டை வெளியேற்றும் உலோகம்) துடுப்புகளுக்கும் நடுவே கம்பளி போல ஒரு படலம் இருக்கும், அதை இடுக்கியால் எடுக்க வேண்டும். வெறும் ஊதலுக்கு அது அசையாது. ஹீட்சிங்கைக் கழற்றி, சிப்பின் மேல் உள்ள பழைய தெர்மல் பேஸ்டை (சூடு கடத்தும் பசை) ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, புதியதை டை (சிப்பின் சிலிக்கான் துண்டு) முழுவதும் மூடும்படி மெல்லிய படலமாகத் தடவுங்கள். லேப்டாப் டைக்கு மேல் உலோக மூடி கிடையாது. ஒரு மூலை விட்டுப்போனாலும் அங்குள்ள கோர் தனியே கொதிக்கும். ஸ்க்ரூக்களை 1, 2, 3, 4 என்று பொறித்த வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக, சுற்றிச் சுற்றி இறுக்குங்கள். ஒரு கோர் மட்டும் மற்றவற்றைவிட 10 டிகிரிக்கு மேல் கூடுதலாகக் காட்டினால் ஹீட்சிங்க் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது, மறுபடி கழற்றுங்கள்.

டெஸ்க்டாப்பில் கணக்கு வேறு. அங்கே பயாஸ்தான் சரியான இடம். இன்டெல் போர்டில் டர்போ பூஸ்ட் டெக்னாலஜி, ஏஎம்டி போர்டில் கோர் பெர்ஃபார்மன்ஸ் பூஸ்ட் என்ற வரி டிஸேபிள்டு ஆகக் கிடக்கிறதா பாருங்கள். ரைசன் 7600எக்ஸ் முழுச் சுமையில் 95 டிகிரி காட்டினால் பேஸ்டை மாற்ற ஓட வேண்டாம். அந்த எல்லை வரை வேகத்தை ஏற்றும்படியே அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. சத்தம் பிடிக்காவிட்டால் பயாஸில் 65 வாட் ஈக்கோ மோடைத் தேர்ந்தெடுங்கள். 65 என்பது பெயரளவு எண்; சிப் இழுக்கக்கூடிய மொத்த மின்வரம்பு 142 வாட்டிலிருந்து 88-க்கு இறங்கும்; டர்போ அணையாது.