மேல் குன்னூரில் மூட்டுவலிக்காரர்களுக்கான உடற்பயிற்சி வகுப்பு: ஒரு மதிப்பீடு

மேல் குன்னூரில், சிம்ஸ் பூங்காவிலிருந்து நடந்து போகும் தொலைவில் இருக்கும் இந்தச் சிறிய இயன்முறை சிகிச்சை நிலையத்தில், மூட்டு வலியும் விறைப்பும் உள்ளவர்களுக்கென்று வாரம் மும்முறை குழுப் பயிற்சி நடத்துகிறார்கள். முழங்கால் தேய்மானம் உள்ள நானும், பல ஆண்டுகளாக முடக்குவாதத்திற்கு மருந்து உட்கொண்டுவரும் என் அக்காவும் சென்ற மழைக்காலத்திலிருந்து அங்கே போய்வருகிறோம். சில குறைகள் உண்டு, அவற்றைக் கீழே சொல்கிறேன். ஆனாலும் வலிக்கும் மூட்டை நம்பி ஒப்படைக்க இந்தப் பக்கத்தில் ஓர் இடம் கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

காலை வகுப்பு பத்தரை மணிக்குத்தான் தொடங்குகிறது. உடற்பயிற்சி என்றாலே விடியற்காலையில் செய்வது என்று பழகிப்போன நமக்கு இது சோம்பேறித்தனமாகத் தோன்றலாம், ஆனால் டிசம்பர், ஜனவரி மாதங்களின் குளிரில், விறைத்த மூட்டோடு எழுந்தவுடன் மேட்டில் ஏறி இறங்குவதைப் போன்ற தவறான தொடக்கம் வேறில்லை. மூட்டுத் தேய்மானத்தில் காலை விறைப்பு பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தளர்ந்துவிடும். முடக்குவாதத்தில் அது ஒரு மணி நேரத்தையும் தாண்டி நீடிப்பதுண்டு. அக்கா வெந்நீரில் குளித்து, ஏதாவது சாப்பிட்டு, மாத்திரை போட்டு, விரல்கள் ஒழுங்காக மடங்கத் தொடங்கும்போது மணி ஒன்பதைக் கடந்திருக்கும். வகுப்பிலும் முதல் பத்து நிமிடங்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடி கணுக்காலைச் சுழற்றுவதும், தோளை உருட்டுவதும், உட்கார்ந்த இடத்திலேயே நடைபோடுவதும்தான். போட்டிருக்கும் ஸ்வெட்டரைக் கழற்றலாம் என்று அவரவருக்குத் தோன்றிய பிறகே மற்றவை ஆரம்பமாகின்றன.

இந்த வகுப்பை மற்ற இடங்களிலிருந்து பிரித்துக் காட்டுவது, வலியை அவர்கள் கணக்கில் எடுக்கும் முறை. ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டு உண்டு. பயிற்சியின்போது வலி பூஜ்யத்திலிருந்து பத்து வரை எவ்வளவு, அன்றிரவு எப்படி இருந்தது, மறுநாள் காலையில் எப்படி இருந்தது என்று கேட்டு எழுதிக்கொண்ட பிறகுதான் அன்றைய பயிற்சியைத் தீர்மானிக்கிறார்கள். ஐந்துக்கு மேல் போனாலோ, மறுநாளும் வலி பழைய நிலைக்குத் திரும்பாமல் இருந்தாலோ, மூட்டு வீங்கியிருந்தாலோ, அளவைக் குறைக்கிறார்கள். ஒன்றுமில்லை என்றால் சிறிது கூட்டுகிறார்கள். “வலி வரலாம்மா, வந்த வலி தங்கக் கூடாது” என்று அந்த இயன்முறை மருத்துவர் முதல் நாளிலேயே அக்காவிடம் சொன்னார். டென்மார்க்கில் 2013-ஆம் ஆண்டு தொடங்கிப் பிற நாடுகளுக்கும் பரவிய ‘கிளாட்’ என்ற பயிற்சித் திட்டமும் இதே வரம்பைத்தான் பின்பற்றுகிறது. அங்கே வாரம் இருமுறையாக ஆறு வாரங்களில் 12 பயிற்சி அமர்வுகள். இங்கே முடிவு தேதி கிடையாது, வேண்டும்வரை தொடரலாம்.

‘எலும்பு தேய்ந்துவிட்டது, நடந்தால் இன்னும் தேயும்’ என்று எங்கள் தெருவில் பாதிப் பேர் நம்புகிறார்கள். வகுப்புக்கு வருபவர்களும் அந்த அச்சத்தோடுதான் வருகிறார்கள். அதை அதட்டிப் போக்காமல், பொறுமையாக விளக்குவதை நான் பெரிதும் மதிக்கிறேன். மூட்டின் குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் இல்லை. எடை ஏறும்போது அழுந்தியும் இறங்கும்போது விரிந்தும், பஞ்சு நீரை உறிஞ்சுவதுபோல, சுற்றியுள்ள மூட்டு நீரிலிருந்தே அது தனக்கான ஊட்டத்தைப் பெறுகிறது. அசைவே இல்லாத மூட்டுக்கு அந்த ஊட்டம் குறைகிறது, அதைத் தாங்கும் தொடைத் தசையும் மெலிகிறது, மெலிந்த தசையால் வலி கூடுகிறது, வலி கூடுவதால் மனிதர் இன்னும் உட்கார்ந்துவிடுகிறார். இந்தச் சுழலை உடைப்பதுதான் வகுப்பின் நோக்கம் என்பதை முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் புரியவைத்துவிடுகிறார்கள்.

பயிற்சிகள் எளியவை. முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, ஐந்தாறு விநாடிகள் அழுத்தித் தொடையை இறுக்குவது. மூச்சை அடக்காமல் நாற்காலியிலிருந்து கையூன்றாது எழுந்து உட்காருவது. மேசையைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்பது. ரப்பர் பட்டையைக் காலில் மாட்டிப் பக்கவாட்டில் நீட்டுவது. எழ முடியாதவர்களுக்கு நாற்காலியில் மெத்தை போட்டு உயரத்தைக் கூட்டுகிறார்கள், பலம் வந்தபின் மெத்தையை எடுத்துவிடுகிறார்கள். முழுவதுமாகக் குந்தும் பயிற்சியை யாருக்கும் தொடக்கத்தில் கொடுப்பதில்லை. ஆனால் நம் வீடுகளில் தரையில் உட்காரும் பழக்கம் இருப்பதால், முக்காலியைப் பிடித்துத் தரையிலிருந்து எழும் முறையைத் தனியாகவே கற்றுத் தருகிறார்கள்.

மலையில் இருப்பவர்களுக்கு இந்த வகுப்பின் உண்மையான பயன், நிலையத்தின் பின்புறச் சந்தில் நடக்கும் சரிவுப் பயிற்சியில் இருக்கிறது. சமவெளியில் உள்ளவர் மூட்டுவலிக்கு ‘தினமும் நடங்கள்’ என்ற அறிவுரையைக் கேட்டு வீட்டு வாசலிலிருந்தே நடக்கலாம். குன்னூரிலோ கோத்தகிரியிலோ வாசலைத் தாண்டினால் ஒன்று ஏற்றம், இல்லையேல் இறக்கம். ஏற்றம் மூச்சை வாங்கும், ஆனால் முழங்காலைப் படுத்துவது இறக்கம்தான். சமதளத்தில் நடக்கும்போது முழங்காலில் உடல் எடையைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு சுமை விழுகிறதென்றால், படி இறங்கும்போது அது மூன்றரை மடங்கை எட்டுகிறது. உடம்பு கீழே சரியாமல் பிடித்து நிறுத்தும் வேலை முழுவதும் தொடையின் முன்தசைக்கு வருவதால், அந்தத் தசை தளர்ந்தவர்களுக்கு வலியோடு தடுமாற்றமும் சேர்கிறது. எனவே சிறு சிறு எட்டாக வைப்பதையும், முழங்காலை இறுக்கி நீட்டாமல் சற்றே மடக்கி இறங்குவதையும், வலிக்கும் காலுக்கு எதிர்க்கையில் தடியைப் பிடிப்பதையும், படியேறும்போது நல்ல காலையும் இறங்கும்போது வலிக்கும் காலையும் முதலில் வைப்பதையும் கைப்பிடித்துப் பழக்குகிறார்கள். வலிக்கும் பக்கத்திலேயே தடி பிடித்திருந்த ஓர் ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி அம்மா, கையை மாற்றிப் பிடித்த அன்றே இடுப்பை ஒடிக்காமல் நடந்ததை நான் பார்த்தேன். பல ஆண்டுகள் சரிவில் நின்று கொழுந்து பறித்தவருக்கு அதுவரை ஒருவரும் இதைச் சொல்லாமல் விட்டது வருத்தமாக இருந்தது.

அக்காவுக்குத் தருவது வேறு பயிற்சி. நோய் கிளர்ந்து மணிக்கட்டு வீங்கிச் சூடாக இருக்கும் நாட்களில் பட்டையும் எடையும் கிடையாது; மூட்டை வலிக்காத எல்லைவரை மெதுவாக அசைப்பது மட்டுமே. கழுத்து மூட்டுகளையும் முடக்குவாதம் தாக்கக்கூடும் என்பதால் அவருக்குக் கழுத்தைச் சுழற்றும் பயிற்சியையே நீக்கிவிட்டார்கள். பாத்திரத்தை விரல்களால் தூக்காமல் இரு உள்ளங்கைகளிலும் தாங்கி எடுக்கவும், துணியை முறுக்கிப் பிழியாமல் அழுத்தி நீரை வடிக்கவும் பழக்கினார்கள். ஒரே அறையில் எட்டுப் பேர் இருந்தாலும் எல்லோருக்கும் ஒரே பயிற்சி என்று நடத்தாத இந்தக் கவனம்தான் எனக்கு நம்பிக்கை தந்தது.

இனி குறைகள். சாலையிலிருந்து நிலையத்துக்கு இறங்கும் படிகளில் ஒரு பக்கத்துக்கு மட்டுமே கைப்பிடி இருக்கிறது. மூட்டுவலிக்காரர்கள் வரும் இடத்தில், அதுவும் மழையில் பாசி பிடிக்கும் ஊரில், இது பொறுத்துக்கொள்ளக்கூடியதல்ல. வீட்டில் செய்வதற்குத் தரும் தாளில் படங்கள் தெளிவாக இருந்தாலும் விளக்கம் முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கிறது. வருபவர்களில் பலருக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். மருத்துவர் விடுப்பில் போகும் நாட்களில் உதவியாளர் வகுப்பை வேகமாக நடத்திவிடுகிறார், நோட்டைப் பார்ப்பதில்லை. மாலை வகுப்பு ஒன்றே ஒன்று. அதுவும் மினி பஸ்ஸைப் பிடித்துத் திரும்ப வேண்டிய எஸ்டேட் பெண்களுக்கு எட்டாத நேரத்தில் நடக்கிறது. இந்த மலையில் மூட்டு அதிகம் உழைப்பது அவர்களுக்குத்தான் என்பதால், இதை நிலையத்தார் அவசியம் மாற்ற வேண்டும் என்று நேரிலும் சொல்லியிருக்கிறேன்.

மாதக் கட்டணம் 1,800 ரூபாய். முதல் பரிசோதனைக்குத் தனியாக 400 ரூபாய் வாங்குகிறார்கள். தனி அமர்வுகளோடு ஒப்பிட்டால் இது நியாயமான தொகை. திடீரென்று ஒரு மூட்டு சிவந்து சூடாகி வீங்கியவர்களும், அதோடு காய்ச்சல் உள்ளவர்களும், கீழே விழுந்தபின் காலை ஊன்ற முடியாதவர்களும் இங்கே வராமல் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் அறுவை மருத்துவரின் குறிப்போடு வந்தால்தான் சேர்க்கிறார்கள். படி இறங்கி வரவே முடியாத நிலையில் வீட்டோடு இருப்பவர்கள், 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீட்டிலேயே தரப்படுகிறது என்பதால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து கேட்கலாம்.