போர்ட்டபிள் கேபினில் ஹைபிரிட் அலுவலகம்: சத்தத்தையும் காற்றையும் கேட்டு வாங்குங்கள்

எங்கள் அலுவலகத்தில் நிர்வாகம் என் பொறுப்பு. யார் எங்கே உட்காருவது, ஏசி ஓடுகிறதா, நெட் வருகிறதா என்று எல்லாக் கேள்வியும் என்னிடம்தான் வரும். வாரத்தில் சில நாள் வீடு, சில நாள் அலுவலகம் என்று வேலைமுறை மாறியதும், பாதி காலியாகக் கிடந்த பெரிய வாடகைத் தளத்தை விட்டுவிட்டு, சொந்த மனையில் நான்கு போர்ட்டபிள் கேபின்களை, அதாவது தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து வைக்கும் தகட்டு அறைகளை, இறக்கினோம். வெயிலையும் மழையையும் இதற்குள் இருந்தே பார்த்தாகிவிட்டது. இதே யோசனையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

ஒவ்வொரு கேபினும் இருபதடி கன்டெய்னர் அளவு. சுமார் 6 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் அகலம். இரண்டை ஒட்டி வைத்து, நடுச்சுவரை எடுத்துவிட்டு ஒரே கூடமாக்கினோம். மூன்றாவது மீட்டிங் அறை. நான்காவதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். விற்பவர் படத்தில் ஒரு கேபினுக்கு ஆறு மேசை போட்டிருந்தார். ஆறு மேசை போட்டால் நாற்காலியைப் பின்னால் தள்ள இடம் இருக்காது. நான்கு போட்டால் நிம்மதி.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலையில் கேபின் தயாராகும்போதே மனையில் அடித்தள வேலையை முடித்துவிடலாம். கிரேன் வந்த அன்றே நான்கும் இடத்தில் உட்கார்ந்துவிட்டன. ஆள் கூடினால் இன்னொன்றைச் சேர்க்கலாம், குறைந்தால் ஒன்றைக் கழற்றி அனுப்பிவிடலாம். கட்டடத்தில் இது நடக்காத காரியம்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. செங்கல் சுவர் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு நெடுநேரம் கழித்தும் சூட்டை விடும். இந்தச் சுவர் அப்படியல்ல. இரண்டு மெல்லிய தகடு, நடுவில் 50 மில்லிமீட்டர் பஃப் (பாலியூரித்தேன்) நுரை, அவ்வளவுதான். சூடாவதும் சீக்கிரம், குளிர்வதும் சீக்கிரம். அதனால் ஆள் வராத நாளில் ஏசியை முழுவதும் அணைத்துவிடுகிறோம். வரும் நாளில் அரை மணி நேரம் முன்னால் போட்டால் போதும். காலியான இடத்தைக் குளிர்விக்கும் வீண் செலவு நின்றது. ஹைபிரிட் அலுவலகத்துக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது இந்தக் குணம்.

அப்புறம் குறைகள். இதில் பெரியது சத்தம்.

அலுவலகத்துக்கு வருகிற நாளில் ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவர்களோடு பேசுகிறார்கள், வீட்டில் இருப்பவர்களோடு வீடியோ காலில் பேசுகிறார்கள். அமைதியாகச் செய்யவேண்டிய வேலையை வீட்டிலேயே முடித்துவிடுகிறார்கள். ஆக, நமக்கு வேண்டியது பேசுவதற்கான இடம். கேபினோ பேச்சை அடக்கத் தெரியாத பொருள். 'பஃப் பேனல் சத்தத்தையும் தடுக்கும்' என்று எங்களுக்கு விற்றவர் உறுதியாகச் சொன்னார். தடுக்கவில்லை. நுரை வெப்பத்தைத்தான் தடுக்கும், சத்தத்தைத் தடுக்க எடை வேண்டும். சுவரின் எடையை இரண்டு மடங்காக்கினால் உள்ளே வரும் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும் என்பது பொதுக் கணக்கு. இந்தத் தகட்டுச் சுவரில் எடையே இல்லை. மீட்டிங் அறையில் ஒருவருடைய சம்பள விஷயம் பேசினால் வெளியே நிற்பவருக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்கும். தகட்டுக் கூரையில் கனமழை விழும்போது வீடியோ காலில் எதிர்முனை பேசுவதே கேட்காது.

நான்காவது கேபினை அதற்காகத்தான் மூன்று சிறிய அறைகளாகப் பிரித்தோம். தடுப்புச் சுவரின் இருபுறமும் இரண்டிரண்டு அடுக்கு ஜிப்சம் போர்டு, நடுவே ராக்வூல் (கல்லை உருக்கி இழையாக்கிய பஞ்சு). தடுப்பை ஃபால்ஸ் சீலிங்கோடு நிறுத்திவிடக் கூடாது, கூரைத் தகடு வரை கொண்டுபோக வேண்டும். இல்லையென்றால் சத்தம் மேலே ஏறி அடுத்த அறையில் இறங்கும். கதவுக்குக் கீழே உள்ள இடைவெளிக்கு ரப்பர் பட்டை. சீலிங்குக்கு மேலும் ராக்வூல் பரப்பியதில் மழைச் சத்தம் பாதிக்கு மேல் அடங்கியது. இப்போது முதலில் நிரம்புவது இந்த மூன்று அறைகள்தான். வாங்கப் போகிறவர்கள் விற்பவரின் யார்டில் ஒரு கேபினுக்குள் நின்று, அடுத்த அறையில் ஒருவரை போனில் பேசச் சொல்லிக் கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.

அடுத்தது காற்று. பேனல்கள் நன்றாக மூடிக்கொள்கின்றன, ஸ்பிளிட் ஏசி உள்ளே இருக்கும் காற்றையேதான் சுற்றிவிடுகிறது. மதியம் மீட்டிங்கில் எல்லோருக்கும் கண் சொருகுகிறதே என்று ஒரு கார்பன் டை ஆக்சைடு மீட்டரை மேசையில் வைத்தேன். வெளியே 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) அளவில் இருப்பது, ஆறு பேர் கதவை மூடி உட்கார்ந்ததும் கால் மணி நேரத்துக்குள் 1000-ஐத் தாண்டிவிட்டது. ஆளுக்கு வினாடிக்கு 10 லிட்டர் வெளிக்காற்று என்று வைத்துக்கொண்டால், ஆறு பேருக்கு மணிக்கு 216 கன மீட்டர். அந்தத் திறனில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றும், எதிர்ச்சுவரில் காற்று உள்ளே வர வழியும் வைத்தோம். மீட்டர் இறங்கியது, தூக்கமும் குறைந்தது.

தீ விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். பஃப் எரியும், அதன் புகை நச்சு. ராக்வூல் எரியாது, ஆனால் அதே கனத்தில் வெப்பத்தைத் தடுப்பதில் பஃப் அளவுக்கு வராது. மின் பலகை உள்ள சுவருக்கும் சமையல் மூலைக்கும் ராக்வூல் பேனல் கேளுங்கள். இணைத்த கூடத்துக்கு இரண்டு பக்கமும் வாசல் வையுங்கள்.

மற்றவை எளிதில் சரியாகிறவை. முதல் மழைக்குப் பிறகு கூடத்தின் கதவு மேல் மூலையில் உரச ஆரம்பித்தது. கதவில் கோளாறு இல்லை. கேபினின் ஒரு கால் கொஞ்சம் மண்ணில் இறங்கி, சட்டம் முறுக்கிக்கொண்டிருந்தது. ஜாக் வைத்துத் தூக்கி, அடியில் ஒரு தகட்டைச் சொருகியதும் கதவு சாதாரணமாக மூடியது. இரும்புப் பெட்டிக்குள் மொபைல் சிக்னல் தேய்ந்துவிடும், வெளியே இருக்கும் வைஃபையும் உள்ளே எட்டாது. ஒவ்வொரு கேபினுக்குள்ளும் தனி வைஃபை ஆக்சஸ் பாயின்ட் வேண்டும், கேபினுக்குக் கேபின் ஃபைபர் இழுப்பது நல்லது. எர்த்திங்கை எலக்ட்ரீஷியனிடம் அளந்து காட்டச் சொல்லுங்கள்.

விலைப்பட்டியலில் படியும் இல்லை, சாய்வுத் தளமும் இல்லை, இரண்டு கேபின் சேரும் இடத்துக்கான மேல்மூடியும் இல்லை. எல்லாம் தனி பில்லாக வந்தது. சாய்வுத் தளத்தை மட்டும் பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்காதீர்கள். கேபின் தரை 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், 1:12 சரிவுக்கு 3.6 மீட்டர் நீளம் வேண்டும். கேபின்களை ஒட்டி வைத்தபின் அந்த இடம் கிடைக்காது. எங்கள் குழுவில் சக்கர நாற்காலியில் வருபவர் ஒருவர் இருக்கிறார், அதனால் மனையில் கோடு போடும்போதே அந்த நீளத்தை முதலில் ஒதுக்கிவிட்டுத்தான் கேபின்களுக்கு இடம் குறித்தோம்.

ஐந்தாவது கேபினுக்குச் சொல்லியிருக்கிறேன். அதில் மேசை வரிசையே வேண்டாம், முழுவதும் பேசும் அறைகள்தான்.