காரங்காடா, சக்கரக்கோட்டையா?

காரங்காட்டு அலையாத்திக் காட்டுக்குப் போவதா, சக்கரக்கோட்டைக் கண்மாயில் பறவை பார்க்கப் போவதா? ராமநாதபுரத்துக்கு ஒரே ஒரு நாள் வருகிறவர்கள் கேட்பது இதைத்தான்.

தூரம்: காரங்காடு தொண்டிப் பக்கம், பாக் நீரிணைக் கரை. சக்கரக்கோட்டைக் கண்மாய் ஊரை ஒட்டியே இருக்கிறது.

செலவு: காரங்காட்டில் படகுக்குக் கட்டணம் உண்டு. கண்மாய்க்குக் கரையில் நிற்கும் பொறுமை போதும்.

காலம்: 2025-இல் ராம்சார் தளமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட கண்மாய், வடகிழக்குப் பருவமழையை நம்பியது. தண்ணீர் இல்லையென்றால் கூழைக்கடாவும் இல்லை, நாரையும் இல்லை. கோடையில் போய் ஏமாறாதீர்கள்.

அலையாத்திக் காடோ ஆண்டு முழுக்கப் பச்சை. சேற்றுக்குள் காற்று கிடைக்காததால் மரங்கள் மூச்சுவேர்களை மேலே நீட்டியிருக்கும். கடல் நீர் வற்றும் நேரத்தில் பார்க்க வேண்டும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிக்கவில்லை.

குழந்தைகளோடு வந்தால் காரங்காடு. தை மாதம், கையில் பைனாகுலர், விடியலில் எழ முடியும் என்றால் கண்மாய்தான்.