பேக்ஸ்ட்ரீட் பாய்ஸா, ஒன் டைரக்‌ஷனா: முதல் ஆல்பத்தில் எது ஒசத்தி?

"சித்தி, ரெண்டுல எதை முதல்ல கேக்கட்டும்?" என்றாள் அக்கா மகள். எனக்கு யோசனையே இல்லை. பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ்தான்.

1996-ல் வந்த இந்தப் பாப் பாட்டுக் குழுவின் முதல் ஆல்பம் ஐரோப்பாவில்தான் முதலில் ஓடியது. சொந்த நாடான அமெரிக்காவில் 1997-ல்தான், சில பாட்டுகள் மாறி, வெளியானது. எனக்கு அது டவுன்ஹால் ரோட்டில் வாங்கிய கேசட். டேப் சிக்கிக்கொண்டால் பென்சிலைச் செருகிப் பொறுமையாகச் சுற்றுவேன். மெதுவான பாட்டுகளில் ஒருவர் பாட, மற்றவர்கள் பின்னால் குரல்மேல் குரலாக அடுக்குவார்கள். அந்த இடத்தில் இன்றும் எனக்குப் புல்லரிக்கும்.

ஒன் டைரக்‌ஷன் வேறு ரகம். 2010-ல் பிரிட்டனின் 'எக்ஸ் ஃபேக்டர்' டிவி பாட்டுப் போட்டிக்குத் தனித்தனியாக வந்த ஐந்து பையன்களைச் சேர்த்த குழு. கிடைத்தது மூன்றாம் இடம். 2011-ல் வந்த 'அப் ஆல் நைட்' மறு வருடம் அமெரிக்கப் பட்டியலில் நேராக முதலிடத்தில் நுழைந்தது. முதல் ஆல்பத்திலேயே அதைச் சாதித்த முதல் பிரிட்டிஷ் குழு அவர்கள்தான். கிட்டார் துள்ளும், மேலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் கேட்க அருமை. ஆனால் வரிக்கு வரி ஆள் மாறுகிறது, குரல்கள் கலந்து குழைவது குறைவு.

ராத்திரி மொட்டைமாடியில் பழையதை ஓடவிட்டேன். மூன்றாவது பாட்டில் அவள் போனைக் கீழே வைத்துவிட்டாள்.