வெள்ளவத்தை சவர்க்கார வகுப்பு: மிஸ்ஸின் கை நல்லது, கராம்புதான் காலை வாரியது

காலி வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஒரு ஒழுங்கையில், மாடி வீட்டில் நடக்கும் அரைநாள் வகுப்பு இது. ஆறு பேர், பொருட்களோடு ஆளுக்கு 6,500 ரூபா. வெள்ளைக் கட்டி செய்ய எனக்கு ஏற்கெனவே தெரியும், நிறம் கலந்து, நிறங்கள் சுழிசுழியாக வரும்படி ஊற்றுகிற ஸ்வர்ல் பழகத்தான் போனேன். போய் ஒன்றரை மாதமாகிறது, கட்டிகள் காய்ந்து பாவித்துப் பார்த்த பிறகுதான் எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். காஸ்டிக் சோடாவைத்தான் தண்ணீருக்குள் போட வேண்டும், தண்ணீரை அதன் மேல் ஊற்றக் கூடாது என்று மிஸ் மூன்று தடவை சொன்னார், கையுறையும் கண்ணாடியும் போடாதவரை மேசைக்குக் கிட்டவே விடவில்லை. மைக்கா என்கிற நிறப்பொடியை ஒரு தேக்கரண்டிக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் என்று முன்பே குழைத்து வைக்கச் சொன்னார். நான் இத்தனை நாளும் பொடியை நேராகக் கலவையில் தூவிவிட்டு, வெட்டும்போது புள்ளி புள்ளியாக வந்தால் பொடி விற்ற கடைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன்!

கொடுத்த காசுக்குப் பலன் கிடைத்தது ட்ரேஸ், அதாவது கலவை இறுகத் தொடங்குகிற பதம், பார்க்கப் பழகியதில்தான். பிளென்டரை ஒரேயடியாக ஓடவிடாமல், சில செக்கன் அடித்து, நிறுத்தி, கையால் கிண்டி, கரண்டியிலிருந்து விழும் கோடு மேலே லேசாகத் தெரிந்து மறைகிற கட்டத்திலேயே விட்டுவிட வேண்டும். அந்தப் பதத்தில் உயரத்திலிருந்து ஊற்றினால் நிறம் அடிவரை இறங்கும், கிட்டப் பிடித்து ஊற்றினால் மேலோடு நிற்கும். அப்புறம் வளைத்த ஹேங்கர் கம்பியை ஓரமாக இறக்கி நாலைந்து சுற்று, அவ்வளவுதான், ஆசைப்பட்டு இன்னும் சுற்றினால் சேற்று நிறம். லாவண்டர் போட்ட முதல் கட்டி வெட்டியபோது நீலமும் வெள்ளையும் இறகு மாதிரி விரிந்திருந்தது.

இரண்டாவதற்குக் கராம்பு எண்ணெய் கொடுத்தார். கராம்பு சவர்க்காரத்தை இறுக்கும் என்பது இதைச் செய்கிற யாருக்கும் தெரியும், ஆனால் மொத்தக் கலவையிலும் அதை ஊற்றிவிட்டுத்தான் மூன்றாகப் பிரிக்கச் சொன்னார். நான் இரண்டாவது நிறத்தைக் கிண்டி முடிக்கவில்லை, மசித்த மரவள்ளிக்கிழங்கு மாதிரி ஆகிவிட்டது. ஊற்ற வழியில்லை, கரண்டியால் அள்ளி அப்பி, அச்சை மேசையில் தட்டினேன், அப்படியும் உள்ளே ஓட்டை ஓட்டையாகக் காற்று. கேட்டால் "கொழும்புச் சூடு அப்படித்தான்" என்றார். சூடும் இறுக்கும்தான், சரி, ஆனால் அதே அறையில் அதே மின்விசிறிக்குக் கீழே லாவண்டர் ஒழுங்காகத்தானே ஓடியது? போதாததற்கு அவர் தந்த ஊதா மைக்கா மறுநாளே சாம்பல் நிறமாகிவிட்டது. காஸ்டிக் சோடாவின் காரத்தில் நிறம் மாறுகிற மைக்காவும் உண்டு, வகுப்புக்குத் தருமுன் ஒரு சின்னக் கட்டியில் போட்டுப் பார்த்திருக்கலாம்.

அந்தக் கராம்புக் கட்டி இப்போது குசினித் தொட்டியடியில் கிடக்கிறது. பல்வலி மருந்து மணக்குதாம், அம்மா தொடமாட்டார்.

கைப்பழக்கத்துக்காகத் தாராளமாகப் போகலாம். வாசனை எண்ணெயை மட்டும் நீங்களே கொண்டுபோங்கள். ஒழுங்கையில் வாகனம் நிறுத்த இடமில்லை, மரைன் டிரைவில் விட்டுவிட்டு நடக்க வேண்டியதுதான்.